குழாய் கசிந்ததாகச் சொன்னார்கள்

மனைவியின் அண்ணனுக்கு அவர் ஒரு கடைசல் லேத்தின் விலையைக் கடன்பட்டிருந்தார். அதை மறைப்பதற்கில்லை. பழைய இரும்புக் கடையில் துருவேறிக் கிடந்த லேத்தை வாங்கிப் பிரித்து, ஒவ்வொரு பல்சக்கரத்தையும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் தேய்த்து, மறுபடி ஓடவைக்க அவரிடம் கை இருந்தது. காசுதான் இல்லை. மச்சான் கொடுத்தார். கொடுத்ததோடு நில்லாமல் போகிற இடமெல்லாம் கொடுத்த கதையைச் சொல்லிக்கொண்டும் திரிந்தார். உறவுக்காரர்கள் கூடியிருந்த ஒரு நாள் தன் வீட்டுச் சாப்பாட்டில், அத்தனை பேர் முன்னாலும், "நல்லா சாப்பிடுங்க மாப்ளே, லேத்து வாங்கிக் குடுத்த வீடுதானே" என்றார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிய இவர், அதற்கப்புறம் அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. கடனை வட்டியோடு அடைத்தார். வட்டி யாரும் கேட்கவில்லை. கேட்காத வட்டியைக் கொடுத்தால்தான் வாங்குகிறவன் முகம் சுருங்கும் என்று அவருக்குத் தெரியும். சுருங்கியது.

அன்றைக்கு ஏறிய சூடு பிறகு இறங்கவே இல்லை. தன் பேரைச் சொல்லி எவனும் ஒரு குறை சொல்லக் கூடாது என்று நெஞ்சில் எழுதிக்கொண்டவர், சொன்னால் சும்மா விடக் கூடாது என்றும் சேர்த்தே எழுதிக்கொண்டார்.

பள்ளிக்கூடமும் அவரும் சின்ன வயதிலேயே ஒருவரையொருவர் கைகழுவிவிட்டார்கள். அதனால் யாருக்கு நஷ்டம் என்று துறைமுகச் சாலையில் அவர் பட்டறையை வந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும். வரிசையாக லேத்துகள், வெளிச்சத்துக்குக் கூரையில் கண்ணாடி ஓடு, இரும்புச் சீவல் ஒன்றுகூடக் கிடக்காத தரை, நடுவில் ஒரு முக்காலி. அந்த முக்காலியில் உட்கார்ந்து டீ குடிக்காத பெரிய மனிதன் அந்தத் துறைமுகத்தில் இல்லை. கப்பல் பம்ப்புக்கு அச்சு செய்யக் கொடுத்த ஒருவன், "மயிரிழை கூடக்குறைய இருந்தா என்ன மாமா" என்று கேட்கப்போக, அந்த மயிரிழைக்காகவே செய்த அச்சைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாகக் கடைந்து கொடுத்தார். அன்றிலிருந்து முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் மயிரிழை. முகத்துக்கு முன்னால் சொல்ல ஆள் கிடையாது. சொன்னாலும் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

கடலுக்கடியில் ஆளில்லாமல் தானாகப் போய், வேலையை முடித்துவிட்டுத் தானாக மேலே வருகிற எந்திரங்கள் இருக்கின்றன. உலகத்தில் அவற்றை யார் யார் ஆராய்கிறார்கள், யார் யார் செய்கிறார்கள் என்று படித்தவர்களைக் கேட்டால் பெரிய பெரிய பெயர்களாகச் சொல்வார்கள். மயிரிழையைக் கேட்டால் தன் வாசலில் வந்து நின்றவர்களைச் சொல்வார். பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் வருவார்கள். கையில் படம் இருக்கும், பையில் பணம் இருக்காது. கடற்படை ஆட்கள் வருவார்கள். எதற்கு இது என்று கேட்டால் கூரையைப் பார்ப்பார்கள், ஆனால் காசு சொன்ன நாளில் வந்துவிடும். எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் கடலடிக் குழாய்களைப் பார்த்துவர இதை அனுப்புகிறவர்கள். என்ன விலை என்று கேட்கமாட்டார்கள், என்றைக்குக் கிடைக்கும் என்று மட்டும் கேட்பார்கள். ஒருமுறை, பனிக்கட்டிக்கு அடியில் அனுப்புகிற தூர தேசத்து ஆராய்ச்சிக்காரர் ஒருவர், கப்பல் ரிப்பேருக்காக நின்ற நேரத்தில், விரிசல் விட்ட மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பனிக்கட்டிக்கு அடியில் போனது திரும்பி வராவிட்டால் தேடிப் போக வழியே இல்லை என்று கையைக் காலை ஆட்டிப் புரியவைத்தார். மயிரிழை புது மூடி கடைந்து கொடுத்ததும் எண்ணெய்க் கையையே பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். அப்புறம் போட்டிக்குச் செய்கிற கல்லூரிப் பிள்ளைகள். பிளாஸ்டிக் குழாயும் பசையுமாக வந்து நிற்பார்கள். அவர்களிடம் மட்டும் பாதிக் கூலி வாங்கிக்கொண்டு முழுத் திட்டும் கொடுப்பார்.

இத்தனை பேருக்கும் அவர் செய்து கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: தண்ணீர் புகாத குழாய். அலுமினியக் குழாய், இரண்டு முனைக்கும் மூடி, மூடிக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு ரப்பர் வளையம். அந்த வளையம் உட்காருகிற பள்ளத்தை, அதாவது காடியை, அவர் கடைவார். காடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் விழுந்தாலும் கடல் அதைக் கண்டுபிடித்துவிடும். அவர் கடைந்த காடியில் கடலுக்கு வேலையில்லை. அந்தக் கரையில் அப்படிக் கடைய இன்னொருவன் இருந்தால் அவனுக்குத் தன் லேத்தையே எழுதிக்கொடுப்பதாக அவர் சொல்லி வெகு காலமாகிறது. லேத் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.

ஊருக்கு வெளியே கடலைப் பார்த்து ஓர் ஆராய்ச்சிக் கூடம் உண்டு. அதன் டைரக்டர் அறைச் சுவரில் ஓர் உலகப் படம். உலகத்தில் எங்கெங்கே இந்த எந்திரத்தைச் செய்கிறார்களோ அங்கெல்லாம் ஒரு சிவப்பு ஊசி. அவர்களுக்குப் பெரிய குழாய் ஒன்றைக் கடைந்து கொடுக்கப் போன அன்று மயிரிழை அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, நம்ம ஊசி எங்கே என்று கேட்டார். கூடத்தின் ஊசியை டைரக்டர் காட்டினார். அது உங்களோடது, பட்டறையோடது எங்கே என்றார். டைரக்டர் சிரித்தார். "மேஸ்திரி, ஆணி அடிச்சவன் பேரையெல்லாம் வீட்டு வாசல்ல எழுதுவாங்களா?" என்றார்.

நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிற முதலாளியை மேஸ்திரி என்கிற வாய் அது. மயிரிழை பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டார், பாக்கி வரவேண்டியிருந்தது.

பாக்கி வரவில்லை. வந்தது வேறு.

மழைக்காலம் முடிந்தும் முடியாத சமயம். ஆற்று முகத்துக்கு எதிரே கடலின் தரையைப் படமெடுக்கக் கூடத்தார் அவர் குழாய் வைத்த எந்திரத்தை இறக்கினார்கள். போனது போனதுதான். மேலே வந்து வானத்தைப் பார்த்து அது ஒரு சிக்னல் கொடுக்க வேண்டும், கொடுக்கவில்லை. படகைப் போட்டுத் தேடினார்கள், தண்ணீருக்குள் காது வைத்துக் கேட்டார்கள், ஒன்றும் இல்லை. டைரக்டர் மேலிடத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். யோசிக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. மூடி கசிந்தது, உள்ளே தண்ணீர் போனது, மூழ்கிவிட்டது. வெளிப் பட்டறை வேலை அப்படித்தான் இருக்கும் என்று ஒரு பெருமூச்சையும் சேர்த்துவிட்டார்.

இந்தத் தொழிலில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். பேராசிரியர்கள் போன் எடுக்கவில்லை. கடற்படை ஆட்கள் முன்னைவிட அதிகமாகக் கூரையைப் பார்த்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள், எங்க சார் வேற இடத்துல செய்யச் சொல்லிட்டார் என்று தலையைக் குனிந்துகொண்டு, கொடுத்த படத்தைத் திருப்பி வாங்கிப் போனார்கள். எண்ணெய்க் கம்பெனி ஆள் ஒருவன்தான் நேராகச் சொன்னான்: "கசியுற குழாய்னு ஒரு தடவை பேர் வந்துட்டா எங்களால தொட முடியாது. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வது? மச்சான் வீட்டுச் சாப்பாடு மறுபடியும் தொண்டையில் வந்து நின்றது. அன்றைக்காவது கடன் உண்மை. இது பச்சைப் பொய். தன் காடி கசியாது. கசியவில்லை என்றால் எந்திரம் எங்கே? மயிரிழை ஒரு முடிவுக்கு வந்தார். வந்த வேகத்தில் படகுத் துறைக்குப் போய், டீக்கடை முன்னால் நின்று, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார், எவனோ படகுக்காரன் அதைப் பிடித்துத் தூக்கிப்போய் அலுமினிய விலைக்குப் போட்டிருக்கிறான் என்று. திருட்டுப் பயல்களின் கரை என்றார்.

வலையைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் தலையைத் தூக்கினாள். புருஷன் போன பிறகு படகைத் தானே நடத்துகிறவள், கரையில் எல்லாருக்கும் வலைக்காரம்மா. "பெரியவரே, வாயை அளந்து பேசுங்க" என்றாள். சொல்லிவிட்டு ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு வாய்தான் எவ்வளவோ மேல்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். கணக்கு வழக்கு பார்க்கிறவள் அவர் மனைவிதான். எண்ணெய்க் கம்பெனி வேலை போனதில் மின்சாரக் கட்டணத்துக்கு என்ன செய்வது என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தவள், கேட்டுவிட்டுச் சொன்னாள்: "உங்க குழாய் கசிஞ்சுதோ இல்லையோ, உங்க வாய் நல்லா கசியுது."

அன்றைக்கு அவளோடும் பேச்சு நின்றது.

லேத்துகள் நின்ற பட்டறை எப்படி இருக்கும் என்று அதில் வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும். சத்தத்தில் வளர்ந்த காது அமைதியைத் தாங்காது. வேலையாட்கள் துடைத்த எந்திரத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மெதுவாக, போய் டைரக்டரைப் பார்த்து ஒரு வார்த்தை பேசினால் என்ன மாமா, ஏதோ கையால தவறிடுச்சு, அடுத்த குழாய் சும்மா செஞ்சு தர்றேன்னு சொன்னா பெரிய மனுஷங்க விட்டுடுவாங்க என்றான். மயிரிழை அவனை அடிக்கவில்லை. அதுதான் அவர் அன்று செய்த ஒரே நல்ல காரியம்.

அப்படியிருக்கையில் ஒரு காலை, ஸ்கூட்டரை வாசலில் சாய்த்துவிட்டு ஆராய்ச்சிக் கூடத்து எஞ்சினியர் பெண் உள்ளே வந்தாள். குழாய்க்கு அளவு கொடுத்தவள், ஒவ்வொரு முறையும் வந்து நின்று பார்த்தவள் அவள்தான். மயிரிழை முக்காலியைக் காலால் மேஜைக்கடியில் தள்ளிவிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"ஐயா, கடல்ல காணாமப் போன வண்டி கிடைச்சிருச்சு" என்றாள்.

அவர் பக்கத்திலிருந்த லேத்தைத் துடைக்கத் தொடங்கினார்.

"வலையில மாட்டிருக்கு. படகுத் துறைக்கு அந்தப் பக்கம் மணல்ல கிடக்கு. வலைக்காரம்மா தொட விட மாட்டேங்கிறாங்க. டைரக்டர் லாரி எடுத்துட்டு வர்றார். கூடத்துக்குக் கொண்டுபோய், கதவைச் சாத்திட்டு, அங்கதான் திறப்பாராம்."

"திறக்கட்டும். எனக்கென்ன?"

"உங்களுக்குத்தான் எல்லாம். அங்க திறந்தா, உள்ள தண்ணி இருந்துச்சுன்னு அவர் சொல்றதுதான் கணக்கு. அந்தத் திருகை அவர் தொடுறதுக்கு முன்னாடி நீங்க அங்க இருக்கணும்."

அந்தத் திருகு என்னவென்று இருவருக்கும் தெரியும். கடலில் இறக்கும் முன் மூடியில் உள்ள சின்னத் துளை வழியே உள்காற்றைப் பாதிக்கு உறிஞ்சி எடுத்துவிட்டு, துளையை ஒரு திருகால் அடைத்துவிடுவது இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வது. காற்று நுழைய முடியாத இடத்தில் தண்ணீரும் நுழையாது. திரும்பி வந்த பிறகு திருகைத் தளர்த்தினால், வெளிக்காற்று உள்ளே பாய்கிற சத்தம் கேட்க வேண்டும். கேட்டால் வளையம் பிடித்து நின்றிருக்கிறது. கேட்காவிட்டால் எங்கேயோ விட்டுவிட்டது. அந்தச் சத்தம் ஒரே ஒரு முறைதான் வரும். யார் காதில் விழுகிறதோ அவன்தான் சாட்சி.

மயிரிழை சட்டையை மாட்டினார், திருகைக் கழற்றும் சாவியைப் பையில் போட்டார். ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவளிடம் கேட்டார், இதைச் சொன்னதுக்கு உன் வேலை போகாதா என்று. போகலாம் என்றாள் அவள். ஸ்கூட்டரைக் கிளப்பினாள். கூடத்து ஆள் என்று அவருக்கு அவள்மேல் இருந்த கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மணலில் அது கிடந்தது. மஞ்சள் சாயம் அங்கங்கே உரிந்து, வால் துடுப்பிலும் விசிறியிலும் வலை சுற்றிக்கொண்டு, பிடிபட்ட பெரிய மீன் மாதிரி. சுற்றிலும் படகுக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வலைக்காரம்மா கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு எந்திரத்தின்மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க வாங்க. திருட்டுப் பயலுங்க கரைக்கு வழி தெரிஞ்சுதா?" என்றாள்.

மயிரிழை வாழ்க்கையில் மன்னிப்புக் கேட்டுப் பழகாதவர். தலையைச் சொறிந்தார். "நான் பேசினது தப்பும்மா. அதுக்கு அப்புறமா எவ்வளவு வேணா திட்டுங்க. இப்ப எழுந்திரிச்சிடாதீங்க. எவன் வந்தாலும் எழுந்திரிக்காதீங்க" என்றார்.

அந்த அம்மாளுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். திட்ட வாயெடுத்தவள் நிறுத்திவிட்டு இன்னும் நன்றாக உட்கார்ந்துகொண்டாள்.

லாரி சாலையிலேயே நின்றது. அதன் சக்கரம் மணலில் இறங்காது. டைரக்டர் செருப்பில் மணல் ஏற ஏற உதறிக்கொண்டே வந்தார். மயிரிழையைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரியானது. எஞ்சினியர் பெண்ணைப் பார்த்ததும் இன்னொரு மாதிரியானது.

"மேஸ்திரி, நகருங்க. லேப்ல வச்சு முறைப்படி திறப்போம்."

"மேஸ்திரி இல்ல. முதலாளி" என்றார் மயிரிழை. "இங்கேயே திறப்போம்."

முறை என்று ஒன்று இருக்கிறது, ஆவணம் என்று ஒன்று இருக்கிறது, இது பொதுச் சொத்து என்றெல்லாம் டைரக்டர் அடுக்கினார். எஞ்சினியர் பெண் குறுக்கே புகுந்து, திருகு ஒன்றுதானே சார், ஒரு நிமிஷம் என்றாள். டைரக்டர் அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த அந்த இடைவெளியிலேயே மயிரிழை மண்டியிட்டு, கைக்குட்டையால் திருகைச் சுற்றி மணலைத் துடைத்து, சாவியைப் போட்டுவிட்டார்.

இத்தனை நாள் ஊரைக் கூட்டிச் சண்டை போட்ட மனிதருக்கு அப்போதுதான் முதல்முறையாக ஒரு நினைப்பு வந்தது, ஒருவேளை கசிந்திருந்தால்? காடியில் தன் கண்ணுக்குத் தப்பிய கீறல் ஒன்று இருந்திருந்தால்? மச்சான் முகமும் எண்ணெய்க் கம்பெனிக்காரன் முகமும் மாறி மாறி வந்தன. வந்த நினைப்பைக் கெட்ட வார்த்தையில் திட்டி விரட்டிவிட்டுத் திருகைத் தளர்த்தினார்.

ஸ்ஸ்ஸ் என்று காற்று உள்ளே ஓடியது.

உடனே தன் கட்டைவிரலால் துளையை அடைத்துக்கொண்டார். விரலின் சதையை உள்ளேயிருந்து ஒன்று பிடித்து இழுத்தது. திரும்பி டைரக்டரைப் பார்த்தார்.

"உங்களுக்குச் சத்தம் சரியாக் கேட்டிருக்காது. காது ரொம்ப மேல இருக்கு. குனிஞ்சு விரலைக் குடுங்க."

"எனக்குக் கேட்டுச்சு."

"கேட்டது போதாது. விரலைக் குடுங்க."

கொடுக்கவில்லை. மயிரிழை அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, தன் விரலை எடுத்த கணத்திலேயே டைரக்டரின் கட்டைவிரலை அந்தத் துளையில் வைத்து அழுத்தினார். விரல் ஒட்டிக்கொண்டது. டைரக்டர் உதறிப் பார்த்தார். பிடுங்கியபோது பாட்டில் மூடி திறக்கிற மாதிரி ஒரு சத்தம், விரல் நுனியில் வட்டமாக ஒரு சிவப்புத் தடம். பின்னால் நின்ற படகுக்காரன் ஒருவன், "கல்யாண மோதிரம் போட்டாச்சு" என்றான். வலைக்காரம்மாவே சிரித்துவிட்டாள்.

மயிரிழை சிரிக்கவில்லை. "இப்ப சொல்லுங்க. கசிஞ்சது எது?"

சொன்னது அந்தப் பெண். அவள் குனிந்து எந்திரத்தின் அடிவயிற்றைத் தடவி, அங்கே இன்னும் மாட்டிக்கொண்டிருந்த ஈயக் கட்டியைக் காட்டினாள். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் அது தானாகக் கழன்று விழுந்து எந்திரத்தை மேலே தூக்கிவிடும். விழவில்லை. பிறகு வலைக்காரம்மாவிடம், வலையை அடிவரைக்கும் போட்டீர்களா என்று கேட்டாள்.

"அடிக்கா? மிதக்குற வலை இது. ரெண்டு பாகம், ரெண்டு ஆள் ஆழத்துல தொங்கிக்கிட்டிருந்துச்சு உங்க மீன். மேலயும் வராம, கீழயும் போகாம. ஆத்துத் தண்ணி கலங்கலா மேல பரவிக் கிடந்துச்சு, அதுக்கு நேர் கீழ."

எஞ்சினியர் பெண் கண்ணை மூடித் திறந்தாள். ஆற்றுத் தண்ணீர் கடல் தண்ணீரைவிட லேசு, அது மேலே ஒரு போர்வை மாதிரி பரவும் என்றாள். உப்புத் தண்ணீரில் மட்டுமட்டாக மிதக்கிற பொருள் நல்ல தண்ணீரில் அமிழும். மேலே ஏறிவந்த எந்திரம் அந்தப் போர்வைக்கு அடியில் முட்டி நின்றுவிட்டது. தலை வெளியே வராமல் சிக்னல் கொடுக்க முடியாது. கசியவும் இல்லை, மூழ்கவும் இல்லை. ஆற்று நீரோடு நகர்ந்து நகர்ந்து இத்தனை நாள் அந்தப் போர்வைக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

"லேசா மிதந்தா போதும்னு ஈயத்தைக் கூட்டினது நான்தான் சார்" என்றாள் அவள். "கடல் தண்ணிக்குத்தான் கணக்குப் போட்டேன். ஆத்தை மறந்துட்டேன். தப்பு என்னோடது. ஐயாவோடது இல்ல."

மயிரிழைக்கு அவளை நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது. கடலையே படித்தவளுக்கு ஆறு ஞாபகம் வரவில்லையா, அதற்கு என் பட்டறையா கிடைத்தது என்று. ஆனால் இவ்வளவு பேர் முன்னால், தன் மேலதிகாரி முகத்தைப் பார்த்து, என் தப்பு என்று சொன்ன ஒருத்தியை அவர் அதுவரை பார்த்ததில்லை. ஆணாக இருந்தும் அவரே அன்றுவரை அதைச் செய்ததில்லை. நாலு வார்த்தையையும் விழுங்கி, அதன் சூட்டையெல்லாம் டைரக்டர் பக்கம் திருப்பினார்.

கசிந்தது என்று யார் யாரிடம் சொன்னீர்களோ அவர்களிடமெல்லாம் கசியவில்லை என்று சொல்லுங்கள், இப்போதே, என் காது கேட்க என்றார். ஆபீஸில் போய்ச் சொல்கிறேன் என்றார் டைரக்டர். ஆபீஸ் வாசலில் இவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து நிற்கட்டுமா என்று கேட்டார் மயிரிழை. படகுக்காரர்கள் அசையாமல் நின்றார்கள். வேலையில்லாத நாள் அது, அவர்களுக்கு எங்கே நின்றாலும் ஒன்றுதான். டைரக்டர் போனை எடுத்தார். எண்ணெய்க் கம்பெனிக்காரனோடு பேசினார், சத்தம் வெளியே கேட்கும்படி. மூடி சரியாக இருந்தது, கோளாறு வேறு என்றார். எதிர்முனையில் அவன், அப்ப அந்தப் பெரியவர்கிட்ட நாளைக்கு வர்றேன்னு சொல்லுங்க என்றான்.

போனைப் பையில் போட்டதும் டைரக்டருக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது. "சரி, எல்லாம் முடிஞ்சுது. ஏத்துங்க."

யாரும் ஏற்றவில்லை.

"என் வலை?" என்றாள் வலைக்காரம்மா.

டைரக்டர் பொறுமையாக விளக்கினார். அதற்கு ஒரு மனு எழுதித் தர வேண்டும். படகுப் பதிவின் நகல், வலை வாங்கிய ரசீது, கிழிந்ததற்குப் படம். குழு கூடிப் பார்க்கும். பார்த்த பிறகு முடிவு செய்யும்.

"வலையைக் கிழிக்கிறப்ப உங்க மீன் என்கிட்ட மனுவா குடுத்துச்சு?" என்றாள் அவள். வலையைத் தூக்கிக் காட்டினாள். ஆள் நுழைகிற ஓட்டை.

லாரி சாலையில். எந்திரமோ இரண்டு பேரால் மணலில் நகர்த்த முடியாத கனம். டிரைவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, டாக்டர் கனம் தூக்கக் கூடாதென்று சொல்லியிருப்பதை ஞாபகப்படுத்தினான். எஞ்சினியர் பெண் தள்ளிப் போய் நின்றாள். டைரக்டர் மயிரிழையின் தோளில் கை வைத்தார். முதல்முறையாக முதலாளி என்றார்.

"முதலாளி, உங்க பாக்கி மொத்தத்தையும் இந்த வாரமே விடச் சொல்றேன். ஒரு கை பிடிங்க. நாம ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவங்க."

பாக்கி மொத்தமும் என்றால் மின்சாரக் கட்டணம், அலுமினிய வியாபாரி, வேலையாட்களின் சம்பளம், மனைவியோடு மறுபடி பேச்சு. எல்லாம் அந்தத் தோளில் இருந்த கைக்குள் இருந்தது. மயிரிழை அதைப் பார்த்தார். காசுக்காரனின் கை தோளில் எப்படிக் கனக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தோளைக் குலுக்கி உதறினார்.

"என் பாக்கி எங்கயும் ஓடிப் போகாது. ஓட நான் விட மாட்டேன். அதுக்கு நாளைக்கு உங்க வாசல்ல வந்து கத்திக்கிறேன். நான் இந்தம்மாவைத் திருடின்னேன், நீங்க என்னைக் கசியுறவன்னீங்க. என் தப்புக்கு நான் இந்தக் கனத்தைத் தூக்குறேன். உங்க தப்புக்கு நீங்க காசை எடுங்க. மனு கினு எல்லாம் கிடையாது. ரொக்கம். அவங்க கையில."

"இது அரசாங்கக் காசு இல்ல, என் சொந்தக் காசு."

"வலையும் அவங்க சொந்த வலைதான்."

டைரக்டர் சுற்றிலும் பார்த்தார். ஒரு முகமும் உதவவில்லை. பர்ஸை எடுத்தார். வலைக்காரம்மா ஒரு தொகை சொன்னாள். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. படகுக்காரர்கள் அதற்குத் தலையாட்டினார்கள். பர்ஸில் குறைந்தது. டைரக்டர் டிரைவரிடம் கேட்டார். இடுப்பைப் பிடித்திருந்த கையால் அவன் சட்டைப் பையைத் துழாவிக் கொடுத்தான். நோட்டுகளை ஒரே கட்டாக நீட்டியபோது அந்த அம்மாள் கையை மடக்கிக்கொண்டாள்.

"எண்ணிக் குடுங்க. எல்லாருக்கும் கேக்கணும்."

மடக்கிய கையை மெதுவாக விரித்தாள். வலைக்கயிறு அறுத்த தடங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிய உள்ளங்கை அது, உப்பு காய்ந்து வெளுத்திருந்தது. டைரக்டர் முதல் நோட்டை அதில் வைத்தார். வாய்க்குள் முணுமுணுத்தார். கேட்கலை என்றார் மயிரிழை. டைரக்டர் வைத்ததை எடுத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார், ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக, சிவந்த கட்டைவிரலால் ஒவ்வொரு நோட்டாகத் தள்ளித் தள்ளி, கடைசி நோட்டு அந்த உள்ளங்கையில் விழுகிற வரைக்கும்.